லாந்தர்காரன் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்

காலை ஆறே காலுக்கு இலாரியோ பராகான் கையெழுத்துப் போடுவார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு முதல் வண்டியில் தனியாக ஏறி உட்காருவார். இடுப்புக் கம்பியை இறக்கிவிட்டு எனக்குக் கை காட்டுவார். நான் பொத்தானை அழுத்துவேன். வண்டி மலைக்குள் போகும். ஆறே முக்கால் நிமிடம் கழித்து அந்தப் பக்கம் வெளியே வரும்போது அவர் முகம் சவாரி போய் வந்தவன் முகம் மாதிரி இருக்காது. பிணம் தூக்கிவிட்டு வந்தவன் முகம் மாதிரி இருக்கும்.

கையெழுத்துப் போட்டவன்தான் முதலில் ஏற வேண்டும் என்பது எங்கள் பூங்காவில் வழக்கம். எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. யாரோ ஒரு பழைய ஃபோர்மேன் ஆரம்பித்து வைத்தது. 'எல்லாம் சரி' என்று எழுதினாயா, நீயே ஏறு. நீ முழுசாகத் திரும்பி வந்தால் ஊரான் பிள்ளை ஏறட்டும். அவ்வளவுதான் நியாயம்.

நான் லினோ. அதே சவாரிக்கு மின்சாரக்காரன். அவர் மெக்கானிக். இருபத்தாறு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். என் மகளுக்கு அவர் ஞானத் தகப்பன். எங்கள் ஆட்களில் அப்படி ஆகிவிட்டால் ஒருவரை ஒருவர் 'கொம்பாரே' என்றுதான் கூப்பிட வேண்டும். வா, போ என்று பேசக் கூடாது. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள்வரை என்னை 'டேய் மண்டையா' என்றவர் மறுநாள் காலையில் 'சொல்லுங்க கொம்பாரே' என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அந்த மாதிரி விஷயத்தில் அவர் கண்டிப்பு.

அப்படிக் கண்டிப்பான மனுஷன் இருபத்தொரு வருடமாக தினமும் காலையில் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டார் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

சவாரியின் பெயர் நாலாம் நம்பர் சுரங்கம். சிமெண்டு மலை, உள்ளே இருட்டு, தாது வண்டி மாதிரி நாலு பேர் உட்காரும் வண்டிகள். வழியெல்லாம் பொம்மைகள் இருக்கும். பாறை உடைக்கிறவன், சீட்டாடுகிறவன், முரண்டு பிடிக்கிற கோவேறு கழுதை. கடைசியில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் லாந்தர் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்பான். வரைபடத்தில் உள்ளபடி அவன் சுவரைப் பார்த்து நின்று, வண்டிச் சத்தம் கேட்டதும் நம் பக்கம் திரும்பி, லாந்தரை உயர்த்தி, பல்லைக் காட்டி வழியனுப்ப வேண்டும். குழந்தைகளுக்கு அதோடு பயம் தெளிந்துவிடும். கட்டியவர்கள் நினைத்தது அது.

ஒரு ஜனவரி மாதம், மூன்று வாரப் பராமரிப்பு அடைப்பின் கடைசி நாள். இலாரியோவுக்குக் காய்ச்சல். ஆள் குறைவு என்று மூன்று நாளாக இரட்டை ஷிஃப்ட் பார்த்திருந்தார். லாந்தர்காரனைத் திருப்புவது அவன் காலுக்கடியில் சுற்றும் ஒரு வட்டத் தகடு. சாப்பாட்டுத் தட்டு அளவு, அதில் வளைந்து வளைந்து ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அந்தத் தகட்டைக் கழற்றித் துடைத்து கிரீஸ் போட்டு மாட்டினார். தலைகீழாக மாட்டிவிட்டார். தோசையைத் திருப்பிப் போட்ட மாதிரி. மேலே மூடி, முப்பத்திரண்டு திருகாணி, அதற்கு மேல் பெயிண்டர்கள் வந்து பாறையைப் பூசி வண்ணம் அடித்துப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை கையெழுத்துப் போட்டார். 'வரைபடத்தின்படி இயங்குகிறது.' ஏறினார். வெளியே வரும்போது இடது புருவத்திலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?"

"அந்த நாய் என்னைப் பார்த்துக்கிட்டே நின்னான். வண்டி கிட்டப் போனதும் திரும்பிக்கிட்டான். திரும்புறப்ப லாந்தரால அடிச்சிட்டுத் திரும்புறான்."

தகட்டை எடுக்க வேண்டுமென்றால் பாறையை உடைக்க வேண்டும். பெயிண்டர்கள் மறுபடி வர வேண்டும். இரண்டு நாள் ஆகும். ஒன்பது மணிக்குக் கேட் திறக்கிறார்கள். ப்ரூயிட் என்று ஒரு ஃபோர்மேன் இருந்தார். அடைப்பு ஒரு நாள் நீண்டால்கூட யாராவது ஒருத்தன் சீட்டைக் கிழித்தால்தான் அவருக்குக் காபி இறங்கும். இலாரியோ கைக்குட்டையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு ஹேக்சா பிளேடை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். லாந்தர் தொங்கும் கம்பியில் நாலு அங்குலம் அறுத்தார். மறுபடி ஏறிப் போய் வந்தார். இந்தத் தடவை லாந்தர் தொடவில்லை.

"அடுத்த ஜனவரியில சரி பண்ணிடுறேன்" என்றார்.

காகிதத்தை மட்டும் மாற்றி எழுதவில்லை.

அடுத்த ஜனவரி வருவதற்குள் கடுதாசிகள் வர ஆரம்பித்துவிட்டன. லாந்தர்காரன் நம்மைப் பார்க்கிறான், பார்த்துவிட்டுத் தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், லாந்தரைச் சுவரில் அடிக்கிறான், ஏன்? சாகப் போகிறவர்களைப் பார்க்கச் சகிக்காமலா? அவன் ஏதோ துரோகம் செய்தவனா? ஒரு பெண் எழுதியிருந்தாள், தன் அப்பா கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாமா இப்படித்தான் திரும்பி நின்றார் என்று. இதையெல்லாம் ஃபோர்மேன் ப்ரூயிட் சாப்பாட்டு அறையில் சத்தமாக வாசித்தார். "மேலே டிசைன்காரங்க யாரோ மூளையுள்ளவன் பண்ணின வேலை. அந்தப் பொம்மையை எவனாவது தொட்டா கையை ஒடிப்பேன்" என்றார்.

இலாரியோ தன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே மென்றார்.

அப்புறம் அது அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு காலையும் 'வரைபடத்தின்படி இயங்குகிறது' என்று கையெழுத்து. ஒவ்வொரு காலையும் அவர் தனியாகப் போக, அந்தப் பொம்மை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கூட்டத்தோடு போகிறவனுக்கு அது வேடிக்கை. ஒற்றை ஆளாக இருபத்தொரு வருடம் போகிறவனுக்கு வேறு. ஒரு தடவை கேட்டேன், பழகிப் போயிருக்குமே என்று. "பல்வலி பழகுமா?" என்றார்.

அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று ஊரெல்லாம் பேசினார்கள். ஒன்றும் இல்லை. சுவருக்குப் பின்னால் துடைப்பம் வைக்கிற அறை.

மூன்று வருடத்துக்கு முன் சினிமாக்காரர்கள் வந்தார்கள். பூங்காவை வைத்திருக்கிற கம்பெனிக்கே சினிமா எடுக்கும் பிரிவும் உண்டு. ஊருக்கெல்லாம் தெரிந்த சவாரி இருக்கிறது, அதற்குக் கதை மட்டும்தான் இல்லை, கதை எழுதிவிட்டால் படம் தயார் என்பது அவர்கள் கணக்கு. ஒரு பெண்ணும் ஒரு பையனும், கையில் நோட்டு. ஒரே காலையில் பதினாலு தடவை ஏறினார்கள். பையன் எட்டாவது தடவைக்கு அப்புறம் குப்பைத் தொட்டியில் வாந்தி எடுத்தான். அந்தப் பெண் விடவில்லை. கிரீஸ் கையோடு நின்ற இலாரியோவிடம் வந்தாள்.

"லாந்தர்காரன் எதுக்காக வருத்தப்படுறான்னு நீங்க நினைக்கிறீங்க?"

"அது ஃபைபர் பொம்மைம்மா."

"தெரியும். ஆனா உள்ளுக்குள்ள?"

"உள்ளுக்குள்ள ஒரு மோட்டார், ரெண்டு பெல்ட்டு, ஒரு தகடு."

அதையும் எழுதிக்கொண்டாள். நான் சும்மா இருக்க மாட்டாமல், "இவரோட அப்பா நிஜச் சுரங்கத்துல வேலை பார்த்தவர்மா, இவர் சொந்த ஊர் சகாதேகாஸ்ல, வெள்ளிச் சுரங்கம்" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் கண் அகலமாகிவிட்டது.

"அப்படியா? உள்ள போறப்ப அவர் மனசுல என்ன இருந்திருக்கும்?"

"பசி" என்றார் இலாரியோ.

அவள் போன பிறகு நான் சொன்னேன்: "கொம்பாரே, தகட்டுக் கதையைச் சொல்லிடுங்க. போஸ்டர்ல உங்க மூஞ்சியப் போடுவாங்க."

"நீங்க வாயை மூடிக்கிட்டு ஃப்யூஸைப் பாருங்க."

அவர் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி அம்பாரோவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். அது ஓடுவது இலாரியோவின் வேலையோடு வருகிற இன்சூரன்சில். முப்பது வருடம் முடித்து ஓய்வு பெற்றால் சாகிறவரை இரண்டு பேருக்கும் அது தொடரும். அதற்கு முன் சீட்டுக் கிழிந்தால் அன்றைக்கே போச்சு. பொய்க் கையெழுத்து என்றால் எங்கள் வேலையில் மன்னிப்புக் கிடையாது, நேராகக் கேட்டுக்கு வெளியே. அவருக்கு முப்பது வருடம் முடிய எட்டு மாதம் இருக்கும்போதுதான் படம் எடுத்து முடித்தார்கள்.

படத்தில் லாந்தர்காரன்தான் கதாநாயகன். தெரிந்தே தம்பியின் வண்டியை இடியப் போகிற சுரங்கத்துக்குள் திருப்பிவிடுகிறான். அதிலிருந்து எந்த வண்டி வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சுவரில் செத்தவர்கள் பெயர் பத்தொன்பது. அந்த ஒரு திருப்பத்தின் மேல்தான் இரண்டு மணி நேரக் கதை நிற்கிறது.

படம் வருவதற்கு முன் சவாரியையும் படம் மாதிரி மாற்ற வேண்டும் என்று மூடினார்கள். சவாரியைப் பார்த்துப் படம், படத்தைப் பார்த்துச் சவாரி. நாலு மாதம் சுத்தியல் சத்தம். சுவரில் பத்தொன்பது பெயர் செதுக்கினார்கள். அதில் ஒன்று இயக்குநருடைய நாயின் பெயர் என்று பெயிண்டர்கள் சத்தியம் செய்தார்கள். பழைய லாந்தர்காரனைக் கழற்றிக் கொண்டுபோய் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நடிகர் முகத்தோடு புதியவன் வந்தான், கம்ப்யூட்டரால் இயங்குகிறவன். பட்டறையில் அவனைப் பழைய வரைபடத்தைப் பார்த்துச் செய்திருந்தார்கள். வேறு எதைப் பார்த்துச் செய்வார்கள்? காகிதம் எல்லாம் 'வரைபடத்தின்படி' என்றுதானே சொல்கிறது.

திறப்புக்குப் பத்து நாள் முன்னால் அவனை முதன்முதலாக ஓட்டிப் பார்த்தார்கள். மேலாளர் டெனிஸ் ஓகவா, கம்ப்யூட்டர் பையன் ட்ரெவர், சினிமாப் பிரிவிலிருந்து நாலு பேர். வண்டி வந்தது. சுவரைப் பார்த்து நின்ற புதியவன் அழகாகத் திரும்பி, லாந்தரை உயர்த்தி, நடிகரின் முழுப் பல்வரிசையையும் காட்டிச் சிரித்தான்.

சினிமாக்காரர்களில் ஒருவர் சொன்னார்: "இவன் ஏன் சிரிக்கிறான்? தம்பியக் கொன்னவன்யா இவன்!"

நான் சிரிப்பை அடக்க இருமினேன். இலாரியோ இருமவில்லை.

பழைய பொம்மை எப்படித் திரும்பியது, யார் மாற்றியது என்று ஆபீசில் பெட்டி பெட்டியாகக் காகிதம் புரட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். சவாரியை வரைந்த பழைய டிசைனர், எப்போதோ செத்துப் போனவர், கடைசிக் காலத்தில் ரகசியமாகத் தன் பொம்மையை மாற்றியிருக்கிறார். ஃபோர்மேன் ப்ரூயிட் அதற்கு உடந்தை. ப்ரூயிட்டும் செத்துவிட்டார். செத்தவர்கள் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். பத்திரிகைக்குக் கொடுக்க நல்ல கதை என்று விளம்பரப் பிரிவு சிறுபுத்தகமே அச்சடித்துவிட்டது.

"தப்பிச்சீங்க கொம்பாரே" என்றேன். "நாலு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க."

அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ட்ரெவர் ஜனங்கள் எடுத்த பழைய வீடியோக்களைப் பார்த்து அரை நாளில் புதியவனைத் திருப்பிவிட்டான். இப்போது நம்மைப் பார்ப்பான், பிறகு முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்ப்பான். சினிமாக்காரர்கள் கை தட்டினார்கள். இலாரியோ மட்டும் லாந்தரையே பார்த்துக்கொண்டு நின்றார். மத்தியானம் வண்டி நிறுத்துமிடத்தில் என் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்பாரோ செய்த பீன்ஸ் புரிட்டோ. அவர் பாதியை அப்படியே தாளில் சுற்றி வைத்தார்.

"கம்பி முழு நீளம் இருக்கு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"லாந்தர்க் கம்பி, கொம்பாரே. வரைபடத்துல உள்ள நீளம். நான் அறுத்த நாலு அங்குலம் அவங்களுக்கு எப்படித் தெரியும்? சிரிக்கிற பக்கம் திரும்பினா அது யாரையும் தொடாது. இப்போ தலைகீழாத் திருப்பிட்டான் பாருங்க, வண்டி மேல வீசும்." புருவத்தைத் தடவிக்கொண்டார். அங்கே முடி முளைக்காத வெள்ளைக் கோடு இன்னும் இருக்கிறது.

"கம்ப்யூட்டர் பார்த்திருக்குமே."

"கிளை பிரியற இடத்துல வண்டி இடது பக்கம் சாயும். எந்த வரைபடத்துலயும் அது இல்ல. முதுகுக்குத்தான் தெரியும். ஏதாச்சும் ஒரு பிள்ளை லாந்தரைப் பிடிக்கக் கையை நீட்டும். தினம் பத்துப் பிள்ளை நீட்டுது."

"சரி, 'கொஞ்சம் நெருக்கமா இருக்கு, அறுத்துடுங்க'ன்னு சொல்லுங்க. ஏன்னு எதுக்குச் சொல்றீங்க?"

அப்படியே சொல்லிப் பார்த்தார். ட்ரெவர் கெட்ட பையன் இல்லை. பலகை மாதிரி இருந்த கம்ப்யூட்டரை மரியாதையாகத் திருப்பிக் காட்டினான்.

"பாருங்க சார், பச்சை. ஆறு அங்குலம் இடைவெளி."

"கை நீட்டுற அளவு மரச் சட்டத்தை வண்டியில கட்டி, எங்கயாவது இடிக்குதான்னு மறுபடி ஓட்டிப் பாருங்க."

"அது போன வாரமே ஓட்டியாச்சு."

"அவன் சிரிச்சப்ப ஓட்டினீங்க. இப்போ ஓட்டுங்க."

"அட்டவணையில இல்லையே சார். ஒப்புதல் ஆன பாகத்தை அறுக்கணும்னா ஃபாரம் நிரப்பணும். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன காரணம் போட?"

பையன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் சாண்டா அனாவில் அவர் வீட்டுக்குப் போனேன். டயாலிசிஸ் நாள். அம்பாரோ நாற்காலியில் கால் நீட்டிக் கிடந்தாள். அன்றைக்குத்தான் அவர் அவளிடம் முழுக் கதையும் சொன்னார், தகடு முதல் கம்பி வரை. கட்டினவளிடம்கூட இருபத்தொரு வருடமாகச் சொல்லவில்லை. அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"அப்போ புருவத்துல காயம், கதவுல இடிச்சேன்னு சொன்னே?"

"பொய்."

"அடப் பாவி கிழவா. நான் அந்தக் கதவுக்குப் பஞ்சு ஒட்டினேனே." கொஞ்சம் சிரித்தாள். பிறகு, "சொல்லாம இருந்தா?"

"எவன் வீட்டுப் பிள்ளைக்கோ மண்டை உடையும். கை போகும்."

"சொன்னா?"

"உன் மெஷின் போகும்."

பக்கத்து வீட்டில் எவனோ காரைக் கிளப்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தான்.

"எனக்கு அந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்து உட்கார்ந்து சலிச்சுப் போச்சு" என்றாள். "அதுக்காகச் செத்துப் போகவும் பிடிக்கல. என்கிட்ட கேக்காத. நான் எப்படிச் சொல்லுவேன், சொல்லு? உன் கையெழுத்து. நீ பாரு."

அவள் அப்படித்தான் சொன்னாள். பெரிய வார்த்தை எதுவும் சொல்லவில்லை. இலாரியோ அவள் காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்துவிட்டு, "சாப்பிட்டுப் போங்க கொம்பாரே" என்றார்.

திறப்புக்கு ஐந்து நாள் முன்னால் காலை ஆறே காலுக்கு ட்ரெவர் பலகையை நீட்டினான். இனிமேல் காகிதம் இல்லை, விரலால் கையெழுத்து. இலாரியோ விரலை நீட்டவில்லை.

"டெனிசைக் கூப்பிடு" என்றார்.

டெனிஸ் ஓகவா வந்தாள். நல்ல பெண். அவளும் கீழேயிருந்து ஏறி வந்தவள்; பதினைந்து வருடத்துக்கு முன் ஐஸ்கிரீம் வண்டி தள்ளியவள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. அந்த வாரம் பூங்காவில் யாருமே தூங்கவில்லை.

"என்ன இலாரியோ, என்ன பிரச்சனை?"

"என்கூட ஏறுங்க."

அவர் சுவருக்குப் பின்னால் இருக்கிற அறையைத் திறந்து ஒரு துடைப்பத்தை எடுத்தார். அதன் முனையில் ஒரு வேலைக் கையுறையை மாட்டினார். இரண்டு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நானும் ட்ரெவரும் பின்வரிசையில். வண்டி போனது. கிளை பிரிகிற இடத்தில் முதுகு இடது பக்கம் சாய்ந்தது. புதிய லாந்தர்காரன் எங்களைப் பார்த்தான். இலாரியோ, ஒரு பிள்ளை கையை நீட்டுகிற அளவுக்கு, துடைப்பத்தை நீட்டினார். லாந்தர் திரும்பியது.

கட்டை நடுவில் முறிந்தது. கையுறை இருட்டில் எங்கோ போய் விழுந்தது.

"பச்சைன்னுதானே காட்டிச்சு" என்றான் ட்ரெவர்.

வெளியே வந்து இறங்கியதும் டெனிஸ் வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கம்பியில நாலு அங்குலம் அறுக்கணும்."

"நான் அதைக் கேக்கல."

அவர் சொன்னார். தகடு, காய்ச்சல், ஹேக்சா, புருவம், காகிதம். நின்ற இடத்திலேயே, டூத்பிரஷ் வாங்கின கணக்குச் சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல். ட்ரெவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருபத்தொரு வருஷமா?" என்றாள் டெனிஸ்.

"தினமும்."

"இன்னும் எவ்வளவு நாள் இருக்கு உங்களுக்கு?"

"மூணே முக்கால் மாசம்."

"அம்பாரோ?"

"செவ்வாய், வியாழன், சனி."

அவள் நெற்றியைத் தேய்த்தாள். "ஏன்யா... ஒரு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கலாமே? என்கிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லியிருக்கலாமே? இந்தப் பையன் நிக்கறான். இப்போ நான் கேக்காத மாதிரி இருக்க முடியாது."

"தெரியும்."

"பின்ன ஏன்?"

"அலுத்துப் போச்சு டெனிஸ்" என்றார்.

அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டறையில் கம்பியை நாலு அங்குலம் அறுத்தார்கள். அறுத்தது நான்தான், அளவு சொல்ல வேறு ஆள் இல்லை. அவர் பதினொரு நாள் வீட்டில் இருந்தார். அந்தப் பதினொரு நாளும் அம்பாரோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெண் அட்டையைத் தேய்த்துவிட்டு 'சரி, உள்ளே போங்க' என்று சொல்லும்வரை மூச்சு விடமாட்டேன் என்று என்னிடம் சொன்னார். போனில் என்ன பேசினாலும் கடைசியில் அதே கேள்வி: "ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

அவருக்காகத் தொழிற்சங்கத்து ஆள் பேசினார், டெனிஸ் பேசினாள். ஆனால் அவரைக் காப்பாற்றியது அவர்கள் இல்லை. செத்துப்போன டிசைனரின் ரகசியம் என்று விளம்பரப் பிரிவு அச்சடித்துப் பத்திரிகைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டது. நடிகரே டிவியில் அதைச் சொல்லிக் கண்ணீர் விட்டார். இப்போது ஒரு மெக்கானிக்கைத் துரத்தி, அவன் வெளியே போய், 'அது என் தப்பு, தகட்டைத் தலைகீழாகப் போட்டேன்' என்று சொன்னால் என்ன ஆவது? தவிர, இருபத்தொரு வருடக் காகிதம் பொய் என்று எந்தக் கம்பெனி வக்கீல் ஒப்புக்கொள்வான்? பெரிய பொய்க்கு அவருடைய சின்னப் பொய் தேவையாக இருந்தது. வெளியே பேச மாட்டேன் என்று எங்கள் மூன்று பேரிடமும் எழுதி வாங்கினார்கள். இலாரியோவுக்குச் சம்பளம் இல்லாமல் இரண்டு வாரம். கையெழுத்துப் போடும் உரிமை பறிபோனது. மிச்சமிருந்த மாதங்களுக்குக் குடைராட்டினக் குதிரைகளுக்குக் கிரீஸ் போடச் சொன்னார்கள்.

இன்சூரன்ஸ் இருக்கும் என்று டெனிஸ் போனில் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். "ம்" என்றார். போனை வைத்தார். குளியலறைக்குப் போய் வெகு நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்.

இன்னொன்றும் நடந்தது. புதிதாக வரைபடம் போட்டார்கள். அதில் லாந்தர்காரன் வண்டியைப் பார்த்து நிற்கிறான், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், கம்பி நாலு அங்குலம் குட்டை. எண் போட்டு, முத்திரை குத்தி, ஒப்புதல் ஆனது. கிளையில் வண்டி சாய்வதுகூட அதில் இருக்கிறது. இப்போது கையெழுத்துப் போடுகிறவன் நான். 'வரைபடத்தின்படி இயங்குகிறது' என்று பலகையில் விரலால் கிறுக்குகிறேன். அது உண்மை. பிறகு முதல் வண்டியில் ஏறுகிறேன். பலகை வந்த பிறகு அது தேவையில்லை என்று ட்ரெவர் சொன்னான், இரண்டாம் வாரத்திலிருந்து அவனும் என்னோடு ஏறுகிறான். நடிகர் முகம் என்னைப் பார்க்கிறது, திரும்பிக்கொள்கிறது. அதற்கு என்னிடம் கோபம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வெளியே வரும்போது என் முகமும் அப்படித்தான் இருக்கிறதாம். ட்ரெவர் சொல்கிறான்.

இலாரியோ முப்பது வருடம் முடித்தார். கேக் வெட்டினோம். அதற்குள் படம் பெரிய அரங்குகளை விட்டு இறங்கிச் சின்ன அரங்குக்கு வந்துவிட்டது. ஒரு புதன்கிழமை, மெஷின் இல்லாத நாள், மத்தியான ஆட்டத்துக்கு மூன்று பேரும் போனோம். அம்பாரோதான் பிடிவாதம் பிடித்தாள். "இருபத்தொரு வருஷம் என்கிட்ட மறைச்சியே, அது என்ன மூஞ்சின்னு நான் பாக்கணும்." அரங்கில் பத்துப் பேர் இருப்போம். தம்பி வண்டி போகிற இடம் வந்தது. இசை உயர்ந்தது. லாந்தர்காரன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெல்ல, மெல்ல முகத்தைத் திருப்பினான். முன்வரிசையில் ஒரு பெண் விசும்பினாள்.

"ஒரு தகட்டுக்கா இவன் இந்த அழுகை அழறான்?" என்று அம்பாரோ என் காதில் கேட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். இலாரியோ வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எப்போது தூங்கினாரோ, மடியில் சோளப்பொரி கொட்டிக் கிடந்தது. எழுப்பலாமென்று கையைத் தூக்கினேன்.

"விடுங்க லினோ" என்றாள். "காலையில நாலு மணிக்கு எழுந்து முழிச்சுக்கிட்டே கிடக்குது கிழம். போக இடம் இல்லாம."

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். அவர் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், எழவில்லை. நாங்களும் எழவில்லை. துடைப்பத்தோடு ஒரு ஆள் வந்து, எங்கள் வரிசையைப் பார்த்துவிட்டு, கடைசி வரிசையிலிருந்து பெருக்க ஆரம்பித்தான்.